பொட்டு வைத்து நிறுத்திய ரேடியோ

எங்கள் வீட்டு ரேடியோவில் பாட்டு வராது, செய்தி வராது. இதைச் சொன்னால் தெருவில் யாரும் நம்புவதில்லை. "பாட்டு வராத ரேடியோவை வெச்சிக்கினு இன்னாம்மா பண்றீங்க, ஊறுகா போடறீங்களா?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்டாள். "தம்பி வந்தா கேளும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். யார் வந்தாலும் உள்ளே போய்விடுகிறவள் நான். எழுபது வயதாகியும் அது போகவில்லை.

ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். பேப்பர் படிப்பேன். எழுதுவது மளிகைச் சீட்டோடு சரி. இப்போது இவ்வளவு எழுத உட்கார்ந்திருப்பது நான் செய்த ஒரு தப்புக்காக. என்ன பெரிய தப்பு, ஒரு சுவிட்சை அணைத்தேன், அவ்வளவுதான். அணைத்ததற்காக நான் வெட்கப்படவில்லை. அப்புறம் ஒரு வார்த்தை சொன்னேன் பாருங்கள், அதற்காகத்தான்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. வீட்டுக்காரர் போய்ப் பல வருஷமாகிறது. பக்கத்துத் தறிக்காரர்கள் பட்டு நூலைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், நான் ராட்டினத்தில் போட்டு, ஊடை என்கிற குறுக்கு இழைக்குச் சின்னக் குச்சியில் தார் சுற்றிக் கொடுப்பேன். தம்பிக்கும் மனைவி தவறிவிட்டாள். டெலிபோன் ஆபீஸில் வேலை முடிந்ததும் இரண்டு பெட்டி துணியும் நாலு பெட்டி ஒயரும் எடுத்துக்கொண்டு என்னோடு இருக்க வந்துவிட்டான்.

அந்த நாலு பெட்டியில் ஒன்றில்தான் ரேடியோ இருந்தது. அமெச்சூர் ரேடியோ என்பார்கள், ஹாம் என்றும் சொல்வார்கள். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள்தான் அதில் பேசலாம். தம்பி சின்ன வயதிலேயே வாங்கிவிட்டான். காலையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் தூத்துக்குடியில் ஒருத்தர், கோயம்புத்தூரில் ஒருத்தர் என்று பத்துப் பேர் பேசுவார்கள். என்ன சாப்பிட்டீர்கள், மழை உண்டா, ஏரியல் கம்பியை எவ்வளவு உயரம் கட்டினீர்கள், இதுதான் பேச்சு. நான் சுவருக்கு இந்தப் பக்கம் தார் சுற்றிக்கொண்டே கேட்பேன். முகம் பார்க்காமல் ஆண்பிள்ளைகள் பேச்சைக் கேட்பதில் எனக்குக் கூச்சமில்லை.

அதில் தூத்துக்குடிக்காரர் தம்பிக்கு முப்பது வருஷப் பழக்கம். ஒருத்தரையொருத்தர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டது இரண்டு தடவையோ என்னவோ. ஆனால் அவர் குரல் கேட்காத நாளில் தம்பிக்கு இட்லி இறங்காது.

இந்த ரேடியோவில் ஒரு தொல்லை உண்டு. காலையில் ஒரு அலைவரிசையில் நன்றாகக் கேட்கிற ஊர் மத்தியானம் அதில் கேட்காது. வேறு ஒன்றில் போய்த் தேட வேண்டும். இவன் ஒன்றில் தேட, அவர் வேறு ஒன்றில் கத்திக்கொண்டிருப்பார். பாதி நாள் இப்படியே போகும். அதற்காகத்தான் இரண்டு பேரும் சேர்ந்து ஏ.எல்.ஈ. என்ற புது ஏற்பாட்டில் இறங்கினார்கள். ஆட்டோமேட்டிக் லிங்க் எஸ்டாப்ளிஷ்மென்ட் என்று தம்பி நாலு தடவை சொல்லி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ரேடியோவைக் கம்ப்யூட்டரோடு ஒயர் போட்டு இணைத்துவிடுவார்கள். கம்ப்யூட்டர் பத்து அலைவரிசையை வைத்துக்கொண்டு ரேடியோவை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே இருக்கும். பத்து வீட்டு வாசலில் ஒரு நொடி ஒரு நொடி நின்று காது கொடுத்துவிட்டுப் போவது மாதிரி. மற்ற ஊர் ரேடியோக்கள் அவ்வப்போது தன் பேரைத் தானே சொல்லும். அது மனுஷக் குரல் இல்லை, பல்லியும் குருவியும் சேர்ந்து கத்துகிற மாதிரி ஒரு கிறீச். அந்தக் கிறீச்சைக் கேட்டதும் யார், எந்த அலைவரிசை, எவ்வளவு தெளிவு என்று கம்ப்யூட்டர் ஒரு கட்டத்தில் மார்க்குப் போட்டு வைத்துக்கொள்ளும். அப்புறம் அந்த ஊரைக் கூப்பிட வேண்டுமானால் மார்க்கு அதிகமுள்ள அலைவரிசையில் அதுவே போய்க் கூப்பிடும். "இருக்கியா" என்று இது கேட்கும், "இருக்கேன்" என்று அது சொல்லும், "சரி" என்று இது முடிக்கும். இரண்டு வீட்டிலும் மணி அடிக்கும். அப்புறம் மனுஷர்கள் மைக்கை எடுத்துப் பேச வேண்டியதுதான்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. ஆரம்பித்து ஒரு மாசம் எதுவும் நடக்கவில்லை. கம்ப்யூட்டர் சொல்வதை ரேடியோ கேட்காது. ரேடியோ கேட்டால் ஒயர் சரியில்லை என்பான். ஒயரை மாற்றினால் சத்தம் அதிகம், மார்க்கு விழவில்லை என்பான். மாடியில் கட்டிய கம்பியில் எதிர்வீட்டுச் சாயக்காரம்மா நனைந்த பட்டு நூலைக் காயப் போட்டு, அதற்கு வேறு ஒரு சண்டை. சாயங்காலம் ஃபோனில் இரண்டு பேரும், "உங்களுது கேக்குதா?" "எனக்குக் கேக்கல, உங்களுக்குக் கேக்குதா?" என்று செவிட்டுக் கிழவர்கள் மாதிரி கத்திக்கொள்வார்கள்.

முதல் மணி அடித்தபோது தம்பி குளித்துக்கொண்டிருந்தான். நான்தான் கேட்டேன். கம்ப்யூட்டரில் தூத்துக்குடிக்காரரின் பேர், அந்த இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் கலந்த பேர், பச்சையாக எழுதி நின்றது. "டேய் தம்பி, கூப்புடுது! உன்னக் கூப்புடுதுடா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டம்மா ஓடி வந்தாள். தம்பி இடுப்புத் துண்டும் தலையில் சோப்பு நுரையுமாக வந்து மைக்கைப் பிடித்தான். அவன் கண்ணில் சோப்பு எரிந்து தண்ணீரா, வேறு தண்ணீரா, தெரியவில்லை. பக்கத்து வீட்டம்மா, "தந்தி வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது சொன்னான். "ஃபோன் ஆபீஸ உட்டு வந்தப்புறம் என்னை ஒருத்தரும் கூப்புடறதில்லக்கா. இது பேர் சொல்லிக் கூப்புடுது பாரு." நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

அதற்கப்புறம் எனக்கும் கொஞ்சம் வேலை கொடுத்தான். எந்தச் சுவிட்சு முதலில், எது அடுத்தது, கம்ப்யூட்டரில் எந்தப் பட்டனை அழுத்தினால் தேட ஆரம்பிக்கும் என்று ஒரு அட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று போட்டுத் தமிழில் எழுதி ஒட்டினான். கரண்டு போய் வந்தால் நான் போட்டுவிடுவேன். லைசென்ஸ்காரன் வீட்டில் இல்லாதபோது ரேடியோ பேசக் கூடாது என்று, அவன் வெளியே போகும் நாளில் காது மட்டும் கொடுக்கும்படி வைத்துவிட்டுப் போவான். யார் கூப்பிட்டார்கள் என்று எழுதிக்கொள்ளும், பதில் சொல்லாது. எனக்கு அது பிடித்திருந்தது. என் மாதிரியே என்று நினைத்துக்கொள்வேன்.

ஹாம்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. மழைக்காலத்தில் புயல் வந்து ஃபோன் எல்லாம் விழுந்துவிட்டால் சேதி சொல்ல, வடக்கு மாவட்டங்களுக்கு ஒரு வீட்டை நிரந்தரமாகக் காது கொடுத்துக்கொண்டிருக்க ஏற்பாடு பண்ணலாம் என்று பேச்சு வந்தது. தூத்துக்குடிக்காரர் தம்பி பேரைச் சொன்னார். சங்கத்தில் சிலருக்கு மனசில்லை. "தறிப் பட்டறைக்கு நடுவுல வீடு, ரேடியோவுல இரைச்சல் அதிகமா இருக்கும்" என்றார்கள். அவர்தான் விடாமல், "அண்ணாச்சி வீட்டு மெஷின் மூணு நாளு இடைவிடாம கேக்கட்டும், கேட்ட கணக்கு காயிதத்துல வரட்டும், அப்பறம் பேசுவோம்" என்று பந்தயம் மாதிரி பேசி முடித்தார். எல்லாருக்கும் லீவு கிடைக்கிறது என்று ஆயுத பூஜை நாட்களைக் குறித்தார்கள்.

தம்பி சங்கத்து ஆட்களோடு ஜவ்வாது மலைக்குப் போனான். அங்கே கம்பி கட்ட ஆள் வேண்டும். மலையில் ஃபோன் எடுக்காது. அவர்கள் மலையிலிருந்து கூப்பிடுவார்கள், தூத்துக்குடிக்காரர் கடற்கரையிலிருந்து கூப்பிடுவார். எங்கள் வீட்டு ரேடியோ எல்லாவற்றையும் கேட்டு எழுதி வைக்க வேண்டும். கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னான்: "அக்கா, எக்காரணத்தைக் கொண்டும் சுவிட்சு மேல கை வெக்காதே. நாளான்னைக்குக் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அவரு மணிக்கு ஒரு தரம் கூப்புடுவாரு. அதுதான் முக்கியம்." நான் தலையை ஆட்டினேன். லீவு நாள் என்றுதான் நினைத்தோம்; சாமானுக்குப் பொட்டு வைத்து நிறுத்துகிற நாள் என்று அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பூஜை அன்று விடியற்காலையில் வீட்டைக் கழுவிக் கோலம் போட்டேன். ராட்டினத்தைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். கத்தரிக்கோல், அரிவாள்மனை, தார்க்குச்சிக் கூடை எல்லாவற்றுக்கும் வைத்தேன். அப்புறம் தம்பி சாமான்கள். திருப்புளி, ஈயம் வைக்கிற கோல், இடுக்கி. அவன் ஊரில் இல்லை என்று அவன் ஆயுதத்தை விட முடியுமா? கடைசியில் ரேடியோவிடம் வந்தேன்.

அது ஓடிக்கொண்டிருந்தது. எண்கள் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. எங்கள் வீட்டில் நான் பிறந்ததிலிருந்து ஒரு முறை உண்டு. பொட்டு வைத்த சாமானை மறுநாள் பூஜை போட்டு எடுக்கிற வரைக்கும் யாரும் அசைக்கக் கூடாது. அன்றைக்கு ஊர்த் தறி எதிலும் சத்தம் கேட்காது. கிழிந்த ரவிக்கையைக்கூட அன்றைக்கு ஊசி எடுத்துத் தைக்க மாட்டோம். வருஷம் பூரா உழைக்கிற சாமானுக்கு ஒரு நாள் ஓய்வு. அப்படியிருக்க, உழைத்துக்கொண்டே இருக்கிற ஒன்றுக்கு எப்படிப் பொட்டு வைப்பது? பாவமாகவும் இருந்தது. மாசக்கணக்கில் ஒரு நொடி நிற்காமல் ஓடுகிறதே என்று.

எக்காரணத்தைக் கொண்டும் என்று அவன் சொன்னது காதில் இல்லாமலில்லை. சாமி காரியத்தைக் காரணம் என்று யார் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அட்டையில் எழுதியிருந்ததைக் கீழேயிருந்து மேலாகப் பார்த்து, ஒவ்வொன்றாக அணைத்தேன். முன்பக்கத்தில் மூன்று பொட்டு வைத்தேன், ஒரு முழம் பூவைச் சுற்றினேன். சுண்டலும் பொரியும் படைத்தேன். வீடு நிசப்தமாக இருந்தது. நன்றாகச் செய்தோம் என்று எனக்கு ஒரு திருப்தி. பொய் சொல்லவில்லை, அன்றைக்குப் பூரா திருப்தியாகவே இருந்தேன்.

மறுநாள் காலையில் கற்பூரம் காட்டி, ராட்டினத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ரேடியோவையும் அட்டைப்படி போட்டேன். கம்ப்யூட்டரில் வரிகள் வந்தன. மேலே முந்தாநாள் ராத்திரி வரைக்கும் வரிசையாகப் பேர்கள். அதற்குக் கீழே நேராக இன்றைய தேதி. நடுவில் ஒரு நாளே இல்லை. கட்டத்தில் தூத்துக்குடிக்காரர் பேருக்கு எதிரே முந்தாநாள் நேரம்தான் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் நேற்று மணிக்கு மணி கூப்பிட்டிருக்கிறார். இங்கே பொட்டும் பூவும் உட்கார்ந்து கேட்டிருக்கிறது.

என்ன செய்தேன் தெரியுமா? ஈரத் துணியை எடுத்து வந்து பொட்டைத் துடைத்தேன். பூவை எடுத்து முருங்கை மரத்தடியில் போட்டேன். ராட்டினத்தின் பொட்டை விட்டுவிட்டு ரேடியோவின் பொட்டை மட்டும் துடைத்தேன். பொட்டு வைத்தது தப்பென்று அறியாமல் செய்தது. துடைத்தது அறிந்து செய்தது. அந்த ஈரத் துணியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

சாயங்காலம் தம்பியைச் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் காரில் கொண்டுவந்து விட்டார்கள். காப்பி சாப்பிட்டுப் போங்கள் என்று தம்பி அவர்களை உள்ளே அழைத்தான். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். மூன்று பேரும் கம்ப்யூட்டர் முன்னால் நின்றார்கள். அப்புறம் ஒருத்தர், "என்ன சார், நேத்து ஒரு வரிகூட இல்லியே?" என்றார்.

தம்பி அங்கிருந்தே சத்தமாகக் கேட்டான். "அக்கா! மெஷின் ஓடிக்கினுதானே இருந்துச்சு? நேத்து நிறுத்தினியா?"

இரண்டு புது ஆண்கள் சமையலறை வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். பூஜைக்கு நிறுத்தினேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். படிக்காத பொம்பளையை நம்பி விட்டுவிட்டு வந்தாயே என்று தம்பியைப் பார்த்தும் சிரிப்பார்கள். இப்படியெல்லாம் யோசித்தேன் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது யோசித்தேனா, தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

"இல்லப்பா, ஓடிக்கினுதான் இருந்துச்சு."

"எங்க அக்கா வாயில பொய் வராது சார்" என்று தம்பி அவர்களிடம் சொன்னான். "கம்பியிலதான் ஏதோ கோளாறு." நான் மூன்று டம்ளரில் காப்பி ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் ரேடியோவில் கூடிப் பேசினார்கள். பூஜை அன்று மலையில் தூத்துக்குடிக்காரரை நன்றாகக் கேட்டார்கள், காஞ்சிபுரத்தில் ஒரு வரி இல்லை என்று சங்கத்தவர் ஒருத்தர் சொன்னார். தம்பி கம்பியைக் காரணம் சொன்னான். அப்போது தூத்துக்குடிக்காரர் சிரித்துக்கொண்டே, "கம்பில ஒண்ணும் இருக்காது அண்ணாச்சி. ஆயுத பூசைல்லா? ஒங்க அக்கா சந்தனம் வச்சு மெஷின அமத்திருப்பாவ, நாளைக்கு எடுத்துக்கிடலாம்னு" என்றார். பத்துப் பேரும் சிரிப்பது கேட்டது.

சுவருக்கு இந்தப் பக்கம் என் கையில் நூல் அறுந்தது.

தம்பி சிரிக்கவில்லை. "எங்க அக்கா ஓடிக்கினு இருந்துச்சுன்னு சொல்லிட்டாங்க. அவங்க பொய் சொல்றாங்கன்னு பத்து பேர் கேக்கச் சொல்றீங்களா?"

"ஐயோ, தமாசுக்குச் சொன்னேன் அண்ணாச்சி..."

"எங்க வீட்டுப் பொம்பளைய வெச்சித் தமாசு பண்ணுவீங்களா? நீங்க ஒழுங்காக் கூப்புட்டீங்களான்னு முதல்ல பாருங்க. முப்பது வருசம் பழகினது போதும் சார்." டக்கென்று அணைத்துவிட்டான்.

அவன் அவரைச் சார் என்று அழைத்து நான் கேட்டதே இல்லை.

அதற்கப்புறம் மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தை எப்படி எழுதுவது? மனுஷர்கள் பேசவில்லை. மெஷின்கள் பேசின. இரண்டு வீட்டு ரேடியோவும் ஏற்கெனவே வைத்த கணக்குப்படி தினம் காலையில் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டன. "இருக்கியா", "இருக்கேன்", "சரி". மணி அடிக்கும். பச்சையாகப் பேர் வந்து நிற்கும். தம்பி முன்னால் உட்கார்ந்திருப்பான், மைக்கைத் தொட மாட்டான். அந்தப் பக்கம் அவரும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார் போல. கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் வரும். அப்புறம் மெஷின் தானாகவே கையை விட்டுவிட்டு மறுபடி தேடப் போய்விடும். இத்தனையையும் நான் தார் சுற்றிக்கொண்டு கேட்டேன். எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். நாலு அடிதான். சாப்பிடும்போது சொல்லலாம் என்று இருப்பேன், சாப்பாடு முடிந்துவிடும். சாயங்காலம் சொல்லலாம் என்று இருப்பேன், விளக்கு வைத்துவிடுவேன்.

ஒரு நாள் அவனே, "உன்னைப் போய் அப்பிடிச் சொல்லிட்டானேக்கா, உனக்கு வருத்தமா?" என்று கேட்டான். "இல்லப்பா" என்றேன். அதுவும் ஒரு பொய்தானா, நிஜமா, எனக்கே தெரியவில்லை.

தினம் மணி அடித்தும், கம்பியில் விட்டு விட்டு வருகிற கோளாறு என்று நம்பி அதை மூன்று தடவை இறக்கி ஏற்றினான். கடைசித் தடவை என்னை மாடிக்குக் கூப்பிட்டான். கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள வேண்டும், அவன் தண்ணீர்த் தொட்டி மேலே ஏறி இழுப்பான். அறுபத்து நாலு வயசில் தொட்டி மேல் நிற்கிறான். கீழே தெருவில் சைக்கிளில் போன ஒருத்தர், "இன்னா சார், ஊருக்கே துணி காயப் போடக் கொடி கட்டறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தம்பி கம்பியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"உட்டுடுக்கா கயிற, போதும்" என்றான். "ஆயுசு பூரா கம்பி கட்டி இன்னா புண்ணியம், என் வீட்டுக் கம்பி அன்னைக்கு ஒரு நாள் மட்டும் இன்னாத்துக்குச் செத்துச்சுன்னு எனக்கே தெரில. மூட்டை கட்டி யாருக்காவது குடுத்துர்றேன்க்கா. லைசென்ஸையும் புதுப்பிக்கப் போறதில்ல."

நான் கயிற்றை விடவில்லை. "கம்பி சரியாத்தான்டா இருக்குது" என்றேன்.

"உனக்கு இன்னா தெரியும்?"

"பூஜைக்கு நான்தான் நிறுத்தினேன். பொட்டு வெச்சேன். மறுநாளு தொடச்சிட்டேன்."

தொட்டி மேலிருந்து என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மெதுவாக ஏணியில் இறங்கினான். என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக் கம்பத்தில் கட்டினான். முடிச்சு நன்றாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். கீழே போய்விட்டான்.

மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம்தான் பேசினான். "அன்னைக்கே சொல்லியிருந்தா நானும் அவங்ககூடச் சேந்து சிரிச்சிருப்பேன்க்கா. இன்னா, நிறுத்திட்டே, இன்னொரு தபா டெஸ்ட் வெச்சிருப்பாங்க. நான் அந்த மனுசனை இன்னா வார்த்தை சொல்லிட்டேன்!" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் எல்லாரும் இருக்கும்போது சொன்னான். ராட்டினத்தை நிறுத்திவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "தூத்துக்குடி அண்ணாச்சி சொன்னதுதான் சரி. பூஜைக்கு மெஷின் நின்னுடுச்சு. பூஜைக்கு மெஷினயும் நிறுத்துவாங்கன்னு ஞாபகம் இல்லாம, விவரமா சொல்லாம போனது என் தப்பு. அவரைப் பேசினதும் என் தப்பு. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்." அக்கா பொய் சொன்னாள் என்ற பேச்சே அதில் இல்லை. என் பொய்யைத் தூக்கி மறதி என்று தன் தலையில் வைத்துக்கொண்டான்.

அப்புறம் அவர் குரல். "அண்ணாச்சி, விடுங்க. அக்கா பக்கத்துல இருக்காவளா? ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க."

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மைக்கில், "லைசென்ஸ் இல்லாதவங்க பேசக் கூடாது அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியாததா" என்றான்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. நல்ல சட்டம் என்று நினைத்தேன். அப்படி நினைத்த அந்த நிமிஷமே முகம் சுட்டது. இவ்வளவு நடந்த பிறகும் ஒளிய இடம் கிடைத்ததே என்று சந்தோஷப்படுகிறேனே, நான் என்ன மனுஷி? அன்று மத்தியானம் தம்பியிடம் போய், "அவர் ஃபோன் நம்பரைப் போட்டுக் குடு" என்றேன். போட்டுக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

முன்பின் பார்க்காத ஆண்பிள்ளையிடம் ஃபோனில் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "நான் அக்கா" என்றேன். எந்த அக்கா என்று சொல்லக்கூட வரவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. "எங்க தம்பி மறக்கல. சுவிட்சு மேல கை வெக்காதேன்னு சொல்லிட்டுத்தான் போனான். நான் நிறுத்திட்டு, நிறுத்தலன்னு பொய் சொன்னேன். நீங்க சொன்னது நெஜம்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"நான் நெசமாவே தமாசுக்குத்தான் சொன்னேன்க்கா" என்றார். "அது சரியாப் போகும்னு நெனைக்கவே இல்ல. எங்க வீட்டுக்காரிதான் மூணு வாரமா என்ன ஏசிக்கிட்டு இருக்கா. வயசான பொம்பளையப் பத்துப் பேரு கேக்கக் கேலி பண்ணிட்டியேன்னு."

அதை நான் எதிர்பார்க்கவில்லை. பார்த்தே இராத ஒரு பெண் எனக்காகத் தன் புருஷனிடம் சண்டை போட்டிருக்கிறாள். "அவங்ககிட்ட குடுங்க" என்றேன். அவரிடம் சொன்னதையே அந்த அம்மாவிடம் இன்னொரு முறை சொன்னேன். இரண்டாவது தடவை சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

அந்த அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "இந்த மனுசன்ட்ட இனி நான் எந்த மூஞ்சிய வச்சுட்டுப் பேச? நல்ல ஆளுதான் போங்க!" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "சாப்பிட்டீங்களா" என்று கேட்டேன்.

இப்போது இரண்டு பேரும் பழையபடி பேசுகிறார்கள். ரேடியோவில் மற்றவர்கள் எங்கள் வீட்டுக்குச் சந்தன ஸ்டேஷன் என்று பேர் வைத்துவிட்டார்கள். "என்ன சார், சந்தனம் காஞ்சிடுச்சா?" என்று யாராவது கேட்டால் தம்பியும் சேர்ந்து சிரிக்கிறான். நான் அப்போது உள்ளே போய்விடுகிறேன்.

மழைக்காலம் வந்தது. புயலுக்குக் காது கொடுக்கிற வேலையைச் சங்கத்தார் வேறு ஊரில் வேறு ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டு ரேடியோ தினமும் எங்கள் ரேடியோவையும் கூப்பிடுகிறது. மணி அடித்து அந்தப் பேர் பச்சையாக வரும்போது, தம்பி என் பக்கம் திரும்புவதில்லை. கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு, மார்க்கு எவ்வளவு என்று குறித்துக்கொள்கிறான். எனக்காகத்தான் திரும்பாமல் இருக்கிறான்.